அம்பாசடருக்கு சீட் பெல்ட்: சீட்டில் ஒரு தையல்கூடப் பிரியாமல் பொருத்துவதற்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு அம்பாசடர் 1978-ஆம் வருடத்து மார்க் 3. அப்பா வாங்கியது. சீட்டின் கருஞ்சிவப்பு ரெக்சினும் ஓரத்து வெள்ளை பைப்பிங்கும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அப்பா உட்கார்ந்து ஓட்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் பள்ளம். அதை நிரப்பித் தரவா என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் போகும்போது ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, முன் சீட்டில் இருந்த அக்கா மகள் நிற்கவில்லை. வழவழப்பான ரெக்சினில் சறுக்கிப் போய் டாஷ்போர்டுத் தகரத்தில் மோதி உதடு கிழிந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகம்கூட இருந்திருக்காது. அன்றைக்கே பெல்ட் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் கொண்டுபோன பட்டறையில், சீட்டைக்கூடக் கழற்றாமல் கார்ப்பெட்டின் மேலேயே டிரில்லை வைத்துவிட்டார்கள். நூல் டிரில்லில் சுற்றிக்கொண்டு ஒரு முழ நீளத்துக்கு உருவி வந்தது. அத்தோடு வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். அப்புறம் மேலப்பாளையத்தில் சீட் தைக்கும் பாயிடம் கார்ப்பெட்டைக் காட்டியபோது அவர் சொன்னது: “தம்பி, கத்தி போட்டா தைச்சிரலாம். டிரில்லு சுத்திட்டா அங்க நூலே இருக்காது. எதைத் தைக்க?” அவரும், பேட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரும் சேர்ந்துதான் இந்த வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகு நண்பர்கள் வண்டிகள் இரண்டுக்கும் பொருத்திவிட்டோம்.

பெல்ட்டைத் தாங்குவது சீட் அல்ல

பலர் பெல்ட் என்றாலே சீட்டைக் கிழித்துத்தான் போட வேண்டும் என்று நினைக்கிறார்கள். பெல்ட்டைப் பிடித்துக்கொள்வது தரைத் தகடும், கியர்பாக்ஸ் மேடும், நடுக் கதவுத் தூணும்தான். சீட்டின் சட்டத்தில் பெல்ட்டை மாட்டவே கூடாது. முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தில் நாலு சின்ன போல்ட்டில் நிற்கும் அந்த பெஞ்சு சீட், மோதும்போது தானே பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்கும்.

எவ்வளவு இழுவை வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால், பெல்ட்டில் சராசரியாக 1,200 கிலோ தொங்குவதற்குச் சமமான இழுவை விழும். அம்பாசடரின் தரை மெல்லிய தகடு. வெறும் வாஷரை வைத்து போல்ட்டை முடுக்கினால் துணியில் பித்தான் பிய்வதுபோல பிய்ந்து வந்துவிடும். ஆகவே வேலையின் முக்கால்வாசி தகட்டுக்கு முட்டுக் கொடுப்பதுதான். அந்த முட்டு எல்லாம் கார்ப்பெட்டுக்கும் சீட்டுக்கும் அடியில் மறைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை வால்வோ கார் கம்பெனியின் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்தார். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் வெளிவரத் தொடங்கிய காலம் அது. இந்தியாவில் முன் சீட் பெல்ட்டோடுதான் கார் தயாராக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததோ 1994-இல். அதற்கு முந்தைய வண்டிக்கு யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை, நாமாகப் போட்டுக்கொள்வதுதான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம் என்கிறது. உங்கள் வண்டி அந்த வயதை நெருங்குகிறது என்றால் தூணை வெட்டுவது, தரையை மாற்றுவது என்று இறங்காதீர்கள். நான் சொல்லும் முறையில் வெளியே தெரியும் துளைகள் மிகக் குறைவு. பின்னால் கழற்றி ரப்பர் மூடி போட்டுவிடவும் முடியும்.

முதல் வேலை: தேடிப் பார்ப்பது

துளை போடும் முன், ஏற்கெனவே துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் தூணின் உள்ளே நட் வைத்து, மேலே பிளாஸ்டிக் மூடியோ ரெக்சினோ போட்டு மறைத்திருப்பார்கள். விரலால் அழுத்திக்கொண்டே போனால் பள்ளம் தட்டுப்படும்.

அம்பாசடர்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்த வண்டி 2014 வரை தயாரானது. 1994-க்குப் பிந்தைய அம்பாசடரில் முன் பெல்ட் கம்பெனியிலிருந்தே வந்தது, உடம்பும் பெரும்பாலும் அதே உடம்புதான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமோ தென்காசியிலோ அப்படி ஒரு வண்டி கண்ணில் பட்டால், உரியவரிடம் கேட்டு, தூணில் பெல்ட் வளையம் கதவு விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அளந்து வந்த காகிதத்தை இன்னும் டேஷ் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

எந்த பெல்ட்?

முன் சீட்டுக்கு மூன்று முனை, தானே சுருளும் ரீல் வைத்தது. ரீல் இல்லாத பெல்ட் மலிவு, பொருத்துவதும் சுலபம். ஆனால் ஒவ்வொரு முறையும் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும், யாரும் செய்ய மாட்டார்கள். தளர்ந்து கிடக்கும் பெல்ட்டின் இரும்பு நாக்கு சீட்டின் மேலேயே கிடந்து ரெக்சினைக் கீறும். வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்த நாக்கு எப்படிச் சுடும் என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாடாவின் விளிம்பில், தரச் சான்று முத்திரை உள்ள துணிச்சீட்டு தைத்திருக்க வேண்டும். வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்து இருந்தால் ஐரோப்பியத் தரம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பெல்ட்டை வாங்காதீர்கள். விபத்தில் ஒருமுறை இழுபட்ட நாடா வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே நூல் நீண்டு போயிருக்கும். புதிய கார்களிலிருந்து கழற்றிய பெல்ட்டில் சின்ன வெடிமருந்து வைத்த இழுப்பான் இருக்கக்கூடும், அதைக் கையாலேயே தொடக் கூடாது.

பெஞ்சு சீட்டுக்குப் பூட்டும் முனை விறைப்பான கம்பித் தண்டாக இல்லாமல் நாடாவில் தைத்ததாக இருக்கட்டும். கம்பித் தண்டு சீட்டின் பக்கவாட்டை உரசி உரசி பைப்பிங்கைத் தின்றுவிடும்.

சீட்டைக் கழற்றுவது

தண்டவாள போல்ட்டுகளுக்கு முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள். காலையில் ஸ்பேனருக்கு அடங்கும். பெஞ்சு சீட்டை ஒரு ஆள் தூக்கவே கூடாது. கதவுச் சட்டத்தின் விளிம்பில் உரசும் அந்த ஒரு நொடியில்தான் நாற்பது வருட ரெக்சின் கிழியும். பழைய வேட்டி இரண்டை சீட்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று, முதுகுச் சாய்வு மேலே பார்க்கும்படி சாய்த்து எடுங்கள். வெளியே பாய் விரித்து நிமிர்த்தியே வையுங்கள். ராத்திரி வெளியில் விட வேண்டாம், பழைய சீட்டுக்குள் தேங்காய் நார் இருந்தால் எலி தேடி வரும்.

தூணின் ரெக்சின் அட்டையைக் கழற்றும் முன் வண்டியை அரை மணி நேரம் காலை வெயிலில் நிறுத்துங்கள். குளிர்ந்த பழைய ரெக்சின் மடித்தால் வெடிக்கும், லேசாகச் சூடேறினால் வளையும். உச்சிவெயில் வேண்டாம், அதில் பசை விட்டுவிடும். பெயிண்டர்கள் பட்டி போடும் மெல்லிய தகட்டைத் துணியில் சுற்றி, கிளிப்பை ஒட்டினாற்போல நுழைத்து நெம்புங்கள். அட்டையின் நடுவைப் பிடித்து இழுத்தால் ஹார்டுபோர்டு உடையும்.

கார்ப்பெட்டை முழுசாகச் சுருட்டி வெளியே எடுத்துவிடுங்கள். மடித்து ஒதுக்கி வைத்தால் போதாது.

தரை கெட்டியாக இருக்கிறதா?

இதில் அவசரப்படவே கூடாது. மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு ஏறி, ரப்பர் மேட்டுக்கு அடியில் தண்ணீர் நின்று, தரை உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். திருச்செந்தூர், உவரி என்று கடற்கரையில் ஓடிய வண்டி என்றால் இன்னும் மோசம். ஸ்க்ரூ டிரைவரின் முனையால் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு குத்து குத்திப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் சரி. ‘பொத்’ என்று கேட்டாலோ பொருக்கு உதிர்ந்தாலோ அந்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து, வெல்டு செய்த பிறகுதான் மற்றது. அழுகின தரையில் மாட்டிய பெல்ட், பெல்ட் போட்டிருக்கிறோம் என்ற பொய் நம்பிக்கையைத்தான் தரும். பேட்டை அண்ணாச்சி தரை சரியில்லாத வண்டிக்கு பெல்ட் மாட்டவே மாட்டார். “தகரத்தைப் போட்டுட்டு வாங்க, மாட்டித் தாரேன்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இடம் குறிப்பது

இதற்கு சீட்டைத் தற்காலிகமாகத் திரும்ப வைத்து, ஓட்டுபவர் வழக்கமாக உட்காரும் தூரத்தில் நிறுத்தி, ஆளை உட்கார வைக்க வேண்டும். ஒரு நூலை இடுப்பெலும்பின் பக்கத்தில் பிடித்து, சீட்டுக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத் தரைக்கு இழுங்கள். நூலின் சாய்வு தரையிலிருந்து 45 முதல் 60 பாகைக்குள் இருக்கட்டும். கோணமானி தேவையில்லை: இடுப்பிலிருந்து தரை எவ்வளவு கீழேயோ அதே அளவு பின்னால் தள்ளி இருந்தால் 45 பாகை. நூல் அதைவிட ரொம்பப் படுத்துவிட்டால், மோதும்போது ஆள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போவார், பெல்ட் வயிற்றில் ஏறும். நேர் செங்குத்தாக நின்றாலும் உடம்பு முன்னால் போக இடம் கிடைத்துவிடும். சீட்டை முன்னும் பின்னும் கடைசிவரை நகர்த்தி இரண்டு நிலையிலும் பாருங்கள்.

தோள் முனை தோளின் உயரத்தில் அல்லது அதற்கு மேலே இருக்க வேண்டும். தோளுக்குக் கீழே, சீட்டின் பின்னால் தரையில் கொண்டுபோய் மாட்டுகிற வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். மோதும்போது அந்த பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். மேலே இடம் கிடைக்காவிட்டால் இடுப்பு பெல்ட்டோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

குறித்த இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் பைப், பெட்ரோல் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், வயர், சைலன்சர், கியர்பாக்ஸ் மேட்டுக்குள் சுற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், எதையும் போல்ட்டின் முனை தொடக் கூடாது.

தகடும் துளையும்

போல்ட் 7/16 அங்குலம், 20 மரை யுஎன்எஃப், உயர் இழுவிசை ரகம். பெல்ட்டோடு வருவதையே பயன்படுத்துங்கள். சாதாரண போல்ட் நட் கடைச் சரக்கை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள். முட்டுத் தகடு 3 மில்லிமீட்டர் கனம், பரப்பு 40 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல். பந்தயக் கார்களுக்கு உலகளவில் விதிக்கும் குறைந்தபட்ச அளவு இதுதான். 75-க்கு 60 மில்லிமீட்டர் என்று வெட்டிக்கொண்டால் தாராளம். நாலு மூலையையும் உருட்டி, விளிம்பை அரத்தால் ராவிவிடுங்கள். கூர்மையான மூலை இழுவையில் தரையைக் கத்திபோல அறுக்கும். மேட்டின் வளைவில் வைக்கும் தகட்டை அந்த வளைவுக்கே தட்டி வளைத்துக்கொள்ள வேண்டும், இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது.

துளை எப்போதும் வண்டியின் உள்ளிருந்து, வெறும் தகட்டில். முதலில் 3 மில்லிமீட்டர், கீழே போய்ப் பார்த்துவிட்டு 6, 8, கடைசியில் 12. டிரில் பொறி சூடான இரும்புத்தூள், ரெக்சினில் விழுந்தால் பொத்துவிடும், மூலையில் ஒளிந்துகொண்டால் முதல் மழைக்கே துரு. பக்கத்துக் கதவுகளையும் பின் சீட்டையும் ஈரத் துணியால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள். முடிந்ததும் ஒரு காந்தத்தை பாலித்தீன் பைக்குள் போட்டுத் தரையெங்கும் தடவுங்கள், பையை உள்வெளியாகத் திருப்பினால் தூள் அத்தனையும் உள்ளே. துளையின் விளிம்புக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கை, உலர்ந்ததும் தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் சீலர்.

தகடு கீழே, பெல்ட் மேலே: அந்த வரிசை மாறக் கூடாது. இழுவை வரும்போது தகடு தரையைக் கீழிருந்து தாங்க வேண்டும்.

தூண்

அம்பாசடரின் நடுத் தூண் உள்ளே குழலான பெட்டி. பின் கதவின் கீல் அதில்தான். ஆகவே போல்ட்டுக்குப் பின்னால் கை போகாது. நட் வெல்டு செய்த நீளத் தகட்டைத் தூணின் கீழ்த் திறப்பு வழியாக உள்ளே விட வேண்டும். நட்டின் துளையில் மெல்லிய கம்பியைக் கோத்து, அந்தக் கம்பியை மேல் துளை வழியாக வெளியே இழுத்தால் தகடு தானே வந்து உட்காரும். அண்ணாச்சி இதைச் செய்யும்போது கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தகட்டை அமர்த்துவார். பிறகு இரண்டு புள்ளி வெல்டிங்.

கேஸ் வெல்டிங் வேண்டாம், சூடு பரவி ரூஃப் லைனிங் பற்றும். சி.ஓ.டூ வெல்டிங் நல்லது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, லைனிங்கின் மேல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க, அரை மணி நேரம் வண்டியை விட்டு யாரும் நகராமல் செய்ய வேண்டிய வேலை இது.

ரீல் தூணின் அடியில் வரும். ரீலின் உள்ளே சின்னக் குண்டோ ஊசலோ இருக்கும், வண்டி சாய்வதையும் சட்டென்று வேகம் குறைவதையும் வைத்து அது பூட்டும். பெல்ட்டோடு வந்த தாளில் காட்டிய கோணத்தில் இல்லாமல் சாய்த்து மாட்டினால் பெல்ட் பூட்டிக்கொண்டு வெளியே வராமல் போகலாம்.

ரெக்சின் அட்டையில் ஒரே ஒரு துளை

அட்டையில் துளை எங்கே விழ வேண்டும் என்று அளவெடுத்துப் போட்டால் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போகும், போனது போனதுதான். பாய் சொன்ன வழி இது: ஒரு போல்ட்டின் தலையை அறுத்து, முனையைக் கூராக ராவி, கூர் வெளியே பார்க்கும்படி தூணின் நட்டில் மாட்டுங்கள். அட்டையை அதன் இடத்தில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. அட்டையின் பின்பக்கம் சரியான மையத்தில் ஒரு குத்து விழுந்திருக்கும்.

அங்கே முன்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, புளியமரக் கட்டையின் மேல் வைத்து, தோலுக்குத் துளை போடும் குழல் உளியால் ஒரே அடி. டிரில் கூடவே கூடாது. வெட்டு விளிம்பில் ரப்பர் பசையைத் தீக்குச்சியால் தடவி, ரெக்சினை அட்டையோடு ஒட்டிவிட்டால் பின்னால் உரியாது. மேலே போல்ட் மூடி வந்தால் துளை தெரியாது.

கார்ப்பெட்டுக்கு: நைலான் போன்ற செயற்கை நூல் கார்ப்பெட் என்றால் சூடான சால்டரிங் அயர்னால் துளை. விளிம்பு உருகி அடைபட்டுவிடும், நூல் பிரியாது. பருத்தி, சணல் கார்ப்பெட் என்றால் கத்தியால் கூட்டல் குறி போட்டு, விளிம்பைப் பாயிடம் கொடுத்துச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடுக்குவது

பெல்ட்டின் இரும்புக் காது போல்ட்டில் தாராளமாகச் சுழல வேண்டும். அதற்காகத்தான் தலைக்குக் கீழே தடித்த தோள் வைத்த போல்ட்டும் அலை வாஷரும் தருகிறார்கள். காதையும் சேர்த்து நசுக்கி முடுக்கினால் பெல்ட் முறுக்கிக்கொள்ளும். டார்க் ரெஞ்ச்சில் சுமார் 40 நியூட்டன் மீட்டர். பெல்ட்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு.

பூட்டு முனை இடுப்பின் பக்கவாட்டில் நிற்க வேண்டும், வயிற்றின் மேல் வரக் கூடாது. நீளமாகத் தெரிந்தால் முடிச்சுப் போட்டுக் குறைக்காதீர்கள், சின்ன அளவாக மாற்றி வாங்குங்கள். நான் பூட்டுக்கு மேல் அதே கருஞ்சிவப்பு ரெக்சினில் சின்ன உறை தைத்துப் போட்டிருக்கிறேன். சீட்டில் உரசாது, வெயிலில் கையும் சுடாது.

பின் சீட்

பின் குஷனைக் கழற்றினால் தரை தெரியும். அதே தகடு, அதே போல்ட். இடுப்பு பெல்ட் நாடா குஷனுக்கும் சாய்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாக மேலே வரும், ஒரு தையலும் தொட வேண்டியதில்லை. பெட்ரோல் டேங்கும் அதன் பைப்பும் எங்கே என்று பார்க்காமல் இங்கே துளை போடவே கூடாது. பின் சீட்டுக்கு மூன்று முனை வேண்டுமென்றால் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகைத் தகடு மட்டும் தாங்காது, அதற்குத் தனியாகக் குறுக்குச் சட்டம் வெல்டு செய்ய வேண்டும். அது அனுபவப்பட்ட டிங்கரின் வேலை.

இடுப்பு பெல்ட்டை வயிற்றில் போடாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்த்திப் போடச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் சேலைக் கொசுவத்துக்கு மேலே போட்டுக்கொள்வார்கள், முதல் நாலைந்து முறை பக்கத்தில் நின்று சரிசெய்துவிட வேண்டியிருக்கும்.

சோதனை

முதலில் நிறுத்திய வண்டியில் பெல்ட்டை வெடுக்கென்று இழுங்கள், பூட்ட வேண்டும். மெதுவாக இழுத்தால் வர வேண்டும். அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்துங்கள். நாங்கள் காலை ஆறு மணிக்கு ஒரு காலி மைதானத்தில் பார்த்தோம். அக்கா மகள்தான் முன் சீட்டில் இருந்தாள். பெல்ட் ‘டக்’ என்று பூட்டி அவளை அப்படியே பிடித்துக்கொண்டது. அவள் கை தன்னையறியாமல் உதட்டுக்குப் போய்விட்டு இறங்கியது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். சீலர் அமர்ந்து ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். அடுத்து வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழை தொடங்கும் முன், கீழே படுத்துத் தகட்டின் ஓரத்தில் துரு வருகிறதா என்று பார்த்தால் போதும்.

வண்டி எங்காவது பலமாக மோதி பெல்ட் ஒருமுறை இழுபட்டுவிட்டால், நாடா, ரீல், பூட்டு, போல்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். தகட்டைக் கழற்றி அதைச் சுற்றித் தரை நெளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றுவதற்கு சீட்டை எடுக்க வேண்டும், அப்போதும் அந்தப் பழைய வேட்டி தேவைப்படும். எங்கள் வீட்டில் இரண்டு வேட்டி அதற்கென்றே டிக்கியில் கிடக்கிறது.